எல்லைக் கோட்டைத் தளபதி

அங்கிட்டு இல்ல சார், இங்கிட்டு. வேப்பமரத்தடி காருக்கு. பைக்கெல்லாம் இந்த வரிசை. அப்படியே முன்னால வாங்க, இன்னும் கொஞ்சம், போதும் போதும். ஹேண்டில் லாக் போடாதீங்க, தேவைப்பட்டா நான் நகர்த்தி வைக்கணும். ஹெல்மெட்டைக் கொடுங்க, பத்திரமா இருக்கும்.

என்ன சார் இது, பத்து ரூவா? உள்ள வைங்க, உள்ள வைங்க. நான் டோக்கன் போடுற ஆள் இல்ல. நான் பொண்ணோட அப்பா.

சிரிக்காதீங்க. நிஜமாத்தான். அந்த பிளக்ஸைப் பாருங்க. பொண்ணு மாப்பிள்ளைக்குக் கீழ, ரெண்டாவது வரிசையில, கண்ணாடி போட்டுக்கிட்டு. ஆங், அதேதான். அதுல முடி கொஞ்சம் கூட இருக்கும். விசில் இருக்காது.

இப்ப உள்ள போகாதீங்க. டிபனுக்கு முதல் பந்தி இப்பத்தான் உக்காந்திருக்கு. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலயும் ஒரு ஆள் நின்னு, அடுத்தவன் பொங்கலை எப்ப முடிப்பான்னு பாத்துக்கிட்டு இருக்கான். இப்படி உக்காருங்க. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. எனக்கும் இப்ப உள்ள வேலை இல்ல. காப்புக் கட்டியாச்சு, நலங்கு முடிஞ்சது. இனி தாரை வார்க்கிறப்பதான் நான் வேணும். அப்ப வந்து கூப்பிடுவாங்க. கூப்பிடணும்ல? அப்பன் இல்லாம தாரை வார்க்க முடியாதுல்ல?

அது கிடக்கட்டும். ஒரு கல்யாணத்துல வண்டிங்க இப்படி ஒழுங்கா நிக்கிறதை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா? எதை வேணா எடுங்க, பக்கத்து வண்டியை உரசாம வெளிய வரும். இதை எங்க கத்துக்கிட்டேன்னு நினைக்கிறீங்க? ஜப்பான்ல.

போனதில்ல. கம்ப்யூட்டர்ல.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல நிலா பிரவுசிங் சென்டர், நம்ம கடைதான். ஒரு காலத்துல பன்னெண்டாவது ரிசல்ட் வர்ற அன்னைக்கு என் கடை வாசல்ல கூட்டத்தை ஒதுக்கப் போலீஸே வந்திருக்கு. அப்புறம் எல்லாப் பய கையிலயும் போன் வந்துருச்சு. கம்ப்யூட்டர் எல்லாம் துணி போர்த்தி வரிசையா உக்காந்திருக்கும், நான் அதுங்களைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அப்பத்தான் யாரோ எப்பவோ ஏத்தி வச்சுட்டுப் போன கேம் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. அந்தக் காலத்து ஜப்பான். நாடு துண்டு துண்டாக் கிடக்கு, ஆளாளுக்கு ஒரு கோட்டை. நீங்க ஒரு சின்ன ஊருக்குத் தலைவன். நாட்டையே பிடிக்கணும்.

படை பெருசா இருந்தா ஜெயிச்சிரலாம்னு எல்லாரும் நினைப்பாங்க. நானும் நினைச்சேன். இல்ல சார். எல்லாம் தளபதிங்க கையில இருக்கு. யாரை எங்க போடுறோம், அதுலதான் இருக்கு சங்கதி.

ஒவ்வொரு தளபதிக்கும் மார்க் இருக்கும். வீரம் இவ்வளவு, புத்தி இவ்வளவு, நிர்வாகம் இவ்வளவு, பேச்சு இவ்வளவுன்னு. குரோதாகேன்னு எனக்கு ஒருத்தன் இருந்தான். வீரம் தொண்ணூறுக்கு மேல. நிர்வாகத்துல பாஸ் மார்க் கிடையாது. விவரம் தெரியாம அவனை நெல்லு வெளைய வைக்கிற வேலையில போட்டேன், அந்த ஊரே பட்டினி. அப்புறம் தூக்கி எல்லையில, கணவாய் ஓரத்துக் கோட்டையில போட்டேன். அந்தப் பக்கம் ஒரு காக்கா வரல! தொமிஹாரான்னு ஒரு பெருசு. கத்தி பிடிக்கத் தெரியாது. ஆனா தூது அனுப்பினா, திரும்பி வர்றப்ப எதிரியோட தளபதியைக் கையோட கூட்டிக்கிட்டு வருவான். அவனவனுக்கு ஒரு இடம் இருக்கு. அது தெரியாதவன் தோத்துப் போவான்.

அப்புறம் விசுவாசம்னு ஒரு மார்க். இதுதான் முக்கியம். ஒருத்தனைச் சும்மா உக்கார வச்சா விசுவாசம் குறையும். தகுதிக்குக் கீழ வேலை கொடுத்தா குறையும். குறைஞ்சா எதிரி வந்து காதுல ஓதுவான், அவன் கோட்டையோட அந்தப் பக்கம் போயிருவான். அதுக்கு முன்னாடி பரிசு கொடுத்து ஏத்தணும். வாள் கொடுக்கலாம், குதிரை கொடுக்கலாம். எல்லாத்தையும் விட எது வேலை செய்யும் தெரியுமா? டீ கப்பு. சிரிக்காதீங்க சார். ஜப்பான்காரனுக்கு டீ கப்புன்னா உசுரு. ஒரு நல்ல கப்பைக் கொடுத்தீங்கன்னா சாகுற வரைக்கும் உங்களுக்காக நிப்பான்.

இன்னும் ரெண்டு விதி இருக்கு. தலைவன் தலைமைக் கோட்டையை விட்டு வெளிய வரக்கூடாது. வெளிய வந்து மாட்டினா ஆட்டம் முடிஞ்சுது. இன்னொண்ணு, சொந்தக்காரத் தளபதிக்கு விசுவாசம் குறையவே குறையாது. தம்பி, மச்சினன், மருமகன், இவங்க பேருக்கு நேரா விசுவாசம்ங்கிற இடத்துல மார்க்கே இருக்காது, ஒரு கோடுதான் இருக்கும். அவங்களை எங்க வேணா போடலாம், என்ன வேணா சொல்லலாம்.

இந்த விதியை நம்பித்தான் சார் நான் என் மூத்த பொண்ணு கல்யாணத்தை நடத்தினேன்.

ஒரு நிமிஷம். ஏம்ப்பா வெள்ளைக் காரு! அங்க நிப்பாட்டாத, மேளக்காரங்க வேன் வெளிய வரணும். ஆங், பின்னால போ. இன்னும். சரி.

எங்க விட்டேன்? மூத்தவ, கௌசல்யா. மூணு வருஷம் ஆச்சு. மண்டபம் பிடிச்சாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு. என் வீட்டுக்காரி இந்திராணி, "ஏங்க, யார் யாருக்கு என்ன வேலைன்னு என் தம்பியை வரச்சொல்லிப் பேசிருவோம்"னா. நான் சொன்னேன், அது என் டிபார்ட்மெண்ட்டு, நீ தலையிடாத. சொந்தக்காரங்க எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு உக்கார வச்சேன். கேம்ல வருஷா வருஷம் தளபதிங்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போடுவோம், அந்த மாதிரி. மண்டபத்தோட படத்தைச் சுவத்துல ஒட்டி, கையில ஒரு குச்சி வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா அறிவிச்சேன்.

ஸ்டோர் ரூம் சாவி, எங்க பங்காளி செல்லப்பாண்டி அண்ணன். கூட்டுறவு சொசைட்டியில இருந்து ரிட்டயர் ஆனவரு. நிர்வாகத்துக்கு எண்பத்தஞ்சு போட்டேன். அது சரியான போஸ்டிங்தான் சார், யாரும் குத்தம் சொல்ல முடியாது. கல்யாணத்தன்னைக்கு அவரு யாரு வந்து கேட்டாலும் ஒரு அப்பளம் வெளிய விடல. பந்தி முடிஞ்சு பாத்தா அப்பளம் பூராவும் அப்படியே இருக்கு. அவ்வளவு கட்டுப்பாடு.

அடுத்து அழகுராசா. இந்திராணியோட கூடப்பொறந்த தம்பி. ஒரே தம்பி. பஸ் ஸ்டாண்டுக்குள்ளயே டீக்கடையும் பேக்கரியும் வச்சிருக்கான். அவன் குரல் கொடுத்தான்னா பெரியகுளம் பஸ்ஸு பிரேக் போடும். நாலு பேர் சண்டை போட்டா நடுவுல போய் நிப்பான், சண்டை நின்னுரும். வீரம் தொண்ணூத்தஞ்சு. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிரலாம். அப்ப அவனை எங்க போடணும்? எல்லையில. மண்டபத்துக்கு எல்லை எது? சொல்லுங்க. பார்க்கிங்!

நான் சொன்னதும் இந்திராணி காபி கொண்டாந்தவ பாதியில நின்னுட்டா. அவன் மட்டும் மெதுவாக் கேட்டான்.

"பார்க்கிங்கா மச்சான்?"

"ஆமா மாப்ள. எல்லைக் கோட்டை. வேற யாரையும் நம்பி விட முடியாது. என் உத்தரவு வராம பொசிஷனை விட்டு நகரக்கூடாது."

"சரிங்க மச்சான்."

ஒத்தை வார்த்தை! ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி இல்ல. எந்திரிச்சுப் போயிட்டான். பாத்தியா விசுவாசத்தைன்னு நான் இந்திராணிகிட்டப் பெருமையாச் சொன்னேன். அவ அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. வயிறு சரியில்ல போல.

கல்யாணத்தன்னைக்குப் பாத்தா, விடியறதுக்கு முந்தியே வந்து நின்னுட்டான் சார், பார்க்கிங்ல. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. பொண்ணுக்குப் போட வாங்கின தாய்மாமன் மாலையை ஒரு பைக்கோட ஹேண்டில்பார்ல மாட்டி வச்சிருந்தான். ஒரு வண்டி கோணலா நிக்க விடல. மாப்பிள்ளை காரையே நிப்பாட்டி, ரிவர்ஸ் எடுக்க வச்சு, திரும்பி ஒழுங்கா வரச்சொன்னான். என் செலக்‌ஷனைப் பாத்து எனக்கே பெருமையா இருந்துச்சு.

எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்ல? தாய்மாமன் மாலை போட்டு, பொண்ணு கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிக்கிட்டு வரணும். அதுக்கப்புறம்தான் தாலி. தாய்மாமன் வரலைன்னா பொண்ணு ரூமை விட்டு வெளிய வராது. ஐயரு "தாய்மாமனைக் கூப்பிடுங்கோ"ன்னாரு. ஆள் அனுப்பினோம். போன ஆளு திரும்பி வந்து சொல்றான், "வர மாட்டேங்கிறாரு. என் மச்சான் உத்தரவு, பொசிஷனை விட்டு நகரக்கூடாதாம்."

சரி, தூது அனுப்புவோம்னு என் சித்தப்பா மகனை அனுப்பினேன். பேச்சுக்கு எழுபது மார்க் உள்ள ஆளு. போனவன் போனவன்தான். அடுத்து எங்க ஒண்ணுவிட்ட மாமாவை அனுப்பினேன். அவரும் வரல. ஜன்னல் வழியா எட்டிப் பாக்கிறேன், ரெண்டு பேரும் அவன் பக்கத்துல பைக் மேல உக்காந்து டீ குடிக்கிறாங்க. அவன் கடையில இருந்து கேன்ல வரவழைச்சிருக்கான்! கேம்ல இதுக்குப் பேரு என்ன தெரியுமா? கட்சி மாறுறது. நான் அனுப்ப அனுப்ப அவன் படை பெருசாகுது. கடைசியில எங்க சொந்தத்துல பாதி பார்க்கிங்ல நிக்குது.

இந்திராணி வந்தா. கண்ணெல்லாம் செவந்திருக்கு.

"நீங்களே போய் ஒரு வார்த்தை கூப்பிடுங்க. வந்துருவான். வேற யாரு கூப்பிட்டாலும் வரமாட்டான்."

"இந்திராணி, தலைவன் தலைமைக் கோட்டையை விட்டு வெளிய போகக்கூடாது."

"எந்தக் கோட்டை? இது மண்டபம்! நாளைக்குக் காலையில சாவியைக் கொடுத்துட்டுக் காலி பண்ணணும்!"

அவளுக்கு கேம் தெரியாது சார், என்ன சொல்றது. நல்ல நேரம் ஓடிக்கிட்டு இருக்கு. மாப்பிள்ளை வீட்டுல ஒரு மாதிரியாப் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. கேம்னா சேவ் பண்ணி வச்சிருப்போம், தோத்தா பழைய இடத்துல இருந்து ஆரம்பிச்சுக்கலாம். இங்க அது முடியுமா? இருந்தாலும் நான் மேடையை விட்டு இறங்கல. அந்த உறுதி எல்லாருக்கும் வராது.

அப்ப மணமகள் ரூம் கதவு திறந்துச்சு. கௌசல்யா. பட்டுச்சேலை, நகை, தலை நிறையப் பூ, எல்லாத்தோடயும் வெளிய வந்தா. மணவறைப் பக்கம் திரும்பல. நேரா வாசலுக்கு நடந்தா. வெறுங்காலோட இந்த மண்ணுல இறங்கி, வண்டிங்களுக்கு நடுவுல போய் அவன் முன்னாடி நின்னா.

"மாமா, உங்களை அப்பா நிக்கச் சொன்னாரு. நான் வரச்சொல்றேன்."

அவன் அழுதுட்டான் சார். அந்தக் குரலு, பஸ்ஸை நிப்பாட்டுற குரலு, கேவிக் கேவி அழுதுச்சு. ஹேண்டில்பார்ல இருந்த மாலையை எடுத்து அங்கயே அவ கழுத்துல போட்டுவிட்டு, கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தான். பின்னாடியே என் தூதுவங்க எல்லாரும் டீ கப்போட வர்றாங்க. இன்னைக்கும் எங்க வீட்டு ஆல்பத்துல தாய்மாமன் மாலை போடுற போட்டோவைப் பாத்தீங்கன்னா, பின்னால ஒரு ஸ்கூட்டியும் ரெண்டு புல்லட்டும் நிக்கும்.

நல்லபடியா முடிஞ்சதுன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும், அது தோல்வி. பொண்ணு போய்க் கூப்பிட்டா தலைவனோட மரியாதை என்னாகுறது? இத்தனைக்கும் தப்பு என் மேல இல்ல, கேம் மேல. சொந்தக்காரனுக்கு விசுவாசம் குறையாதுன்னு எழுதி வச்சிருக்கான் பாருங்க, அவன் சொந்தக்காரங்களோட ஒரு கல்யாணம் நடத்தியிருக்க மாட்டான். ஜப்பான்காரனுக்குத் தாய்மாமன்னா என்னன்னு தெரியல.

அதுக்கப்புறம் அழகுராசா எங்க வீட்டுப் படி ஏறல. தீபாவளிக்கு வரல, பொங்கலுக்கு வரல. இந்திராணி என்கிட்ட சாப்பாடு வேணுமான்னு கேக்கிறதோட சரி. வீடு வீடா இல்ல சார். கடையில போய் உக்காந்து கேமைத் திறந்தாலும் மனசு ஓடல. குரோதாகே எல்லையில நின்னுக்கிட்டே இருக்கான், எனக்கு அவன் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கல.

ஒரு நாள் யோசிச்சேன். விசுவாசம் குறைஞ்சா என்ன பண்ணணும்? பரிசு. திண்டுக்கல் போய், கடை கடையா ஏறி இறங்கி, ஒரு டீ கப்பு வாங்கினேன். பீங்கான். நீலப் பூப் போட்டது, சாசரோட. பேக் பண்ணி எடுத்துக்கிட்டு நேரா அவன் கடைக்குப் போய் நீட்டினேன்.

அவன் பிரிச்சுப் பாத்தான். என்னையப் பாத்தான். சுத்தி இருந்தவங்களைப் பாத்தான்.

"மச்சான், என் கடையில கப்பு அடுக்க இடம் இல்லாம கிடக்கு. டீக்கடைக்காரனுக்கு டீ கப்பா?"

"இது வேற மாப்ள."

"என்ன வேற?"

நான் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சேன். தூசியா இருக்கும், பஸ் ஸ்டாண்டுல தூசி ஜாஸ்தி. அவன் அந்தக் கப்பை வெந்நீர் ஊத்திக் கழுவி, அதுலயே டீ ஊத்தி என் முன்னாடி வச்சான். அன்னையில இருந்து நான் போனா அந்தக் கப்புலதான் டீ. வேற யாருக்கும் அதுல கொடுக்க மாட்டான். தனியா ஒரு ஆணியில மாட்டி வச்சிருக்கான். பாத்தீங்களா, கப்பு வேலை செஞ்சிருச்சு. ஜப்பான்காரன் அந்த விஷயத்துல கரெக்ட்டு.

மேளம் மாறுது. கேக்குதா? பொண்ணை அழைச்சுக்கிட்டு வர்றாங்க. இருக்கட்டும், இன்னும் நேரம் இருக்கு.

இன்னைக்குக் கல்யாணம் சின்னவளுக்கு. ரம்யா. இந்தத் தடவை ஆட்சி மாறிருச்சு. இந்திராணி ஆரம்பத்துலயே சொல்லிட்டா, "எல்லாத்தையும் என் தம்பி பாத்துக்குவான், நீங்க குச்சியைக் கீழ போடுங்க"ன்னு. பந்தி, ஸ்டோர் ரூம், மேடை, மேளம், எல்லாம் அவன்தான். நேத்து ராத்திரிப் பந்தியிலயே அப்பளம் ரெண்டு ரெண்டா விழுந்துச்சாம், கேள்விப்பட்டேன். அப்புறம் எல்லாரும் உக்காந்திருக்கையில எனக்கு என்ன வேலைன்னு கேட்டேன். இந்திராணி யோசிக்கவே இல்ல.

"பார்க்கிங்."

அழகுராசா தலையைக் குனிஞ்சுக்கிட்டான். சிரிப்பை அடக்கினான்னு கௌசல்யா சொல்றா. அவ சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும். எல்லைக் கோட்டையை யாருகிட்டக் கொடுப்பாங்க? ரொம்ப நம்பின ஆளுகிட்டதான் கொடுப்பாங்க. நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். சரின்னு.

இல்ல, நான் கோவிச்சுக்கிட்டு நிக்கல. ஏன் அப்படிக் கேக்குறீங்க? போகணும்னா இப்பவே போவேன். என் பொண்ணு கல்யாணம், எனக்கு யாரு பெர்மிஷன் கொடுக்கணும்? ஆனா ஒரு முறைன்னு இருக்குல்ல. அப்பனை ஒரு வார்த்தை வந்து கூப்பிடணும்ல. இவ்வளவு பேர் உள்ள இருக்காங்க, அந்த ஆளு வெளிய வெயில்ல நிக்கிறாரேன்னு ஒருத்தருக்காவது தோணணும்ல. காலையில இருந்து நானும் அந்த வாசலைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். வர்றவன் எல்லாம் சாவி எங்கன்னு கேக்கிறான், ஹெல்மெட் எங்கன்னு கேக்கிறான். மனசு கஷ்டமா இருக்கு சார். இங்க நின்னு பாத்தாத்தான் தெரியும். உள்ள இருந்து பாத்தா இது பத்தடி தூரம். இங்க இருந்து பாத்தா அந்த வாசல் அவ்வளவு தள்ளி இருக்கு.

யாரோ வர்றாங்க. ஏதாவது ஆள் அனுப்பியிருப்பான். ஆள் அனுப்பினா நான் போறதா இல்ல, சொல்லிட்டேன்.

அட. அவனே வர்றான்.

பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, கையில... அது அந்தக் கப்பு. நீலப் பூ. கடையில இருந்து எடுத்துக்கிட்டு வந்திருக்கான், சாசரோட. சிந்தாம தூக்கிக்கிட்டு வர்றதைப் பாருங்க.

"மச்சான், காலையில இருந்து ஒண்ணும் குடிக்கலைன்னு அக்கா சொல்லுச்சு. குடிங்க. குடிச்சிட்டு வாங்க, ஐயரு உங்களைத்தான் கேக்கிறாரு."

"நீ ஏன் மாப்ள வந்த? யாரையாவது அனுப்பியிருக்கலாம்ல. உள்ள அவ்வளவு வேலை கிடக்கு."

"ஆள் அனுப்பினா நீங்க வருவீங்களா?"

பாருங்க சார். முகூர்த்த நேரத்துல, மொத்தப் பொறுப்பையும் கையில வச்சுக்கிட்டு, ஒரு தலைவன் தலைமைக் கோட்டையை விட்டு இறங்கி எல்லைக்கு நடந்து வர்றான். ஒரு டீக்காக! இவனுக்கு கேமே தெரியல.

கண்ணு ஒண்ணும் இல்ல சார். தூசி. வண்டி வந்து போற இடம்.

இருங்க, நான் கிளம்பணும். இந்தாங்க, இந்த விசிலைப் பிடிங்க. எதுக்கா? இடத்தைக் காலியா விட்டுட்டு எப்படிப் போறது? உங்களைப் பாத்தாலே விசுவாசத்துக்கு எழுபது போடலாம், அவ்வளவு பொறுமையாக் கேட்டீங்க. காரு வேப்பமரத்தடி, பைக்கு இந்த வரிசை. மேளக்காரங்க வேனுக்கு முன்னால எவனையும் விடாதீங்க. பொசிஷனை விட்டு நகராதீங்க.

சாப்பாட்டுக்கு என்ன பண்றதா? கவலைப்படாதீங்க சார். ஆள் எல்லாம் அனுப்ப மாட்டேன். கூப்பிட நானே வருவேன்.